தெரியாத மரமும் கவ்வாத்துக் கத்தியும்

பதுளையிலிருந்து பசறைப் பக்கமாகவோ பண்டாரவளைப் பக்கமாகவோ பயணம் செய்பவரின் கண்ணுக்குத் தேயிலை இடுப்பளவு உயரமுள்ள ஒரு புதராகவே தோன்றும். உண்மையில் தேயிலை ஒரு மரம். கத்தி படாமல் விடப்பட்டால் அசாம் இனத் தேயிலை முப்பது, நாற்பது அடி உயரம் வளரும். வெண்ணிறப் பூப் பூத்து, காய் காய்த்து, காட்டு மரங்களுள் ஒன்றாக நிற்கும். கைவிடப்பட்டுக் காடேறிய தோட்டங்களைக் கண்டவர்கள் இதனை அறிவர். முப்பதடி வளரவேண்டிய மரத்தை மூன்றடியில் நிறுத்தி, ஒரு நூற்றாண்டுக்கு மேலும் தளிர் ஈனச் செய்யும் தொழிலுக்குத் தோட்டத்துத் தமிழில் கவ்வாத்து என்று பெயர்.

கொழுந்து கொய்யும் பெண்களின் உருவம் தேயிலைப் பெட்டிகளிலும் தபால் முத்திரைகளிலும் இடம்பெற்று உலகெங்கும் சென்றிருக்கிறது. கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் ஆண்களின் உருவம் அவ்வளவாக வெளியே தெரியவில்லை. ஆயினும், கொய்வதற்குக் கொழுந்து இருப்பதே அவர்களது கையின் பயன் ஆகும். இத்தொழிலில் வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. ஊவா மலைகளில் முதன்முதலாகத் தேயிலையை வெட்டியவர்களுள் எவரும் அந்த மரத்தை முன்பு அறிந்தவர்கள் அல்லர். வெட்டச் சொன்ன துரைமாரும் அறியார். வெட்டிய தொழிலாளரும் அறியார். அறியாத மரத்தின் மேல் கத்தி வைத்தவர்கள், அதனைக் கொல்லாமல் வளர்க்கக் கற்றுக்கொண்ட வரலாறே இங்குக் கூறப்படுவது.

திருநெல்வேலி, மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மலைநாட்டுக்கு வந்தவர்கள் மரம் வெட்டத் தெரியாதவர்கள் அல்லர். ஆட்டுக்குத் தழை ஒடிப்பதும், வேலிக்குப் பூவரசும் கிளுவையும் நறுக்கி ஊன்றுவதும், ஏருக்கு வேண்டிய மரத்தைத் தேர்ந்து வெட்டுவதும் அவர்களுக்குப் பழகிய வேலைகள். பிள்ளையை அடித்து வளர்க்கவேண்டும், முருங்கையை ஒடித்து வளர்க்கவேண்டும் என்னும் பழமொழி அவர்களோடு கடல் கடந்து வந்தது. முருங்கை எங்கே ஒடிந்தாலும் அங்கே துளிர்க்கும். எந்தப் பருவத்தில் ஒடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். தேயிலையோ அத்துணைப் பொறுமையுடைய மரம் அன்று. இதனை அவர்கள் அறிந்துகொள்வதற்கு முன்னர், மலையில் வேறொரு மரத்தோடு பழகவேண்டியிருந்தது.

அந்த மரம் கோப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊவாவின் சரிவுகள் கோப்பித் தோட்டங்களாக இருந்தன. கோப்பிச் செடியை நாலடிக்கு மேற்படாமல் உச்சி கிள்ளி நிறுத்துவர். பழம் பறித்து முடிந்தபின், காய்த்து ஓய்ந்த சிறு கிளைகளைக் கத்தியால் நீக்குவர். வேண்டாத இடத்தில் கிளம்பும் போத்துகளைக் கையாலேயே ஒடித்து எறிவர். கோப்பியில் விளைபொருள் பழம். அடுத்த ஆண்டுப் பழத்துக்கு எந்தக் கிளை உதவும், எந்தக் கிளை உதவாது என்பதை அறிந்து வேண்டாததைக் கழிப்பதே அங்கு வெட்டுபவனின் திறமை. அவ்வாறு கழித்த பின்னும் மரத்தில் இலை இருக்கும். மரம் வழக்கம்போல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

1869ஆம் ஆண்டு ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சட்பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. எமிலியா வசுடாட்ரிக்சு என்று அறிவியலார் பெயரிட்ட பூஞ்சணத்தின் வேலை அது. முதலில் அதனைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. பத்து ஆண்டுகளுக்குள் அது இலங்கையின் கோப்பிச் செல்வத்தின் வேரையே அசைத்துவிட்டது. சிங்கோனா மரத்தை நட்டுப் பட்டையுரித்துப் பார்த்தனர். பலரும் ஒரே காலத்தில் நட்டமையால் அதன் விலை வீழ்ந்தது. இறுதியில் தேயிலையே நிலைத்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அதே காலத்தில் ஆதர் மொரிஸ் என்பவர் தோட்டக்காரர்களின் சார்பில் அசாமுக்குச் சென்று, அங்குள்ள தேயிலைச் செய்கையைக் கண்டு அறிக்கை எழுதினார். 1880களில் ஊவாவிலும் கோப்பி நின்ற இடங்களில் தேயிலை ஏறியது. 1900ஆம் ஆண்டளவில் இலங்கையில் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கும் மேலான நிலத்தில் தேயிலை நின்றது.

இவ்வளவு விரைவாகப் பரவிய ஒரு மரத்தைப் பேணும் அறிவு அதே விரைவில் பரவுவது அரிது. தேயிலை வெட்டினால் தழைக்கும் என்ற உண்மைகூட அசாமில் ஏறத்தாழத் தற்செயலாகவே கண்ணுக்குப் பட்டது. அங்குத் தேயிலைக் காடுகளை ஆராய்ந்த சார்ல்ஸ் புரூஸ், நெல் விதைப்பதற்காக ஊரார் வெட்டி வீழ்த்திய இடத்தில், தேயிலை அடிகளிலிருந்து பல தளிர்கள் செழித்து எழுந்ததைத் தமது 1839ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டார். வெட்டினால் தளிர்க்கும் என்பது அன்று தெரிந்துவிட்டது. எவ்வளவு வெட்டலாம், எப்போது வெட்டலாம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டலாம் என்பவை தெரிவதற்கோ மேலும் பல பத்தாண்டுகள் சென்றன.

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை யாதெனில், தேயிலையில் விளைபொருள் இலையே என்பதாகும். பூவும் காயும் தோட்டக்காரனுக்கு இழப்பு. மரத்துக்கோ அவையே நோக்கம். வயது ஏற ஏற மரம் பூப்பதிலும் காய்ப்பதிலும் மனம் வைக்கும். கொழுந்து சிறுத்து, வன்மையடைந்து, வளராமல் ஓய்ந்து நிற்கும். கொய்யும் மட்டமும் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏறிவிடும். அப்போது கத்தி வைத்து, மரத்தை மீண்டும் இளமைக்குத் திருப்பவேண்டும். உயர்ந்த மலைகளில் நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், தாழ்ந்த இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இது நடைபெறும்.

கவ்வாத்து முடிந்த மலையை முதன்முறை காண்பவர் திடுக்கிடுவர். நேற்றுவரை பச்சையாக இருந்த சரிவில், ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில் மொட்டைக் கிளைகள் மட்டும் வானத்தை நோக்கி நிற்கும். தீப்பட்ட நிலம்போல் தோன்றும். கோப்பியை வெட்டிப் பழகிய கண்ணுக்கு இது கொலையாகவே பட்டிருக்கும். மரம் தன் உணவைச் சமைக்கும் இடம் இலை. அந்த இலை முழுவதையும் ஒரே நாளில் நீக்கிவிட்டால், புதிய இலை விரியும்வரை மரம் எதை உண்டு உயிர்வாழும்?

விடை மண்ணுக்குள் இருக்கிறது. இலைகள் சமைத்த உணவில் ஒரு பகுதி மாச்சத்தாக மாறி வேரில் சேர்ந்திருக்கும். கத்தி பட்ட பின்னர் மரம் அந்தச் சேமிப்பிலிருந்தே மூச்சு விடுகிறது. அதிலிருந்தே புதிய துளிரை எழுப்புகிறது. சேமிப்பு நிறைந்திருந்தால், சில வாரங்களில் கிளைகளின் பட்டையைப் பிளந்துகொண்டு சிவந்த மொக்குகள் வெளிவரும். சேமிப்பு வற்றியிருந்தால், நுனியிலிருந்து கிளை கருகத் தொடங்கிப் படிப்படியாக அடிவரை இறங்கும். சில செடிகள் எழாமலே போய்விடும். வெட்டுபவனின் கண் கிளையைப் பார்க்கிறது. வெட்டின் முடிவைத் தீர்மானிப்பதோ அவன் கண்ணுக்குத் தெரியாத வேர். தேயிலையைப் பிற மரங்களிலிருந்து பிரித்துக் காட்டும் இந்தப் பாடத்தைத் தோட்டங்கள் செடிகளை இழந்தே கற்றன.

தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்ட பின்னர், இந்த அனுபவத்துக்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது. உயரமான குளிர்ந்த இடங்களில் வேரின் மாச்சத்து மிகுந்தும், தாழ்ந்த வெப்பமான இடங்களில் குறைந்தும் இருப்பது கண்டறியப்பட்டது. அதனைச் சோதிக்கும் முறையும் எளிது. பென்சில் பருமனுள்ள வேரொன்றை நறுக்கி, வெட்டுமுகத்தில் அயடீன் கரைசல் ஓரிரு துளி இட்டால், மாச்சத்து உள்ள வேர் கருநீலமாக மாறும். நிறம் மாறாவிடில் அந்த மலைக்குக் கத்தி ஏறும் காலம் வரவில்லை என்பது பொருள். அத்தகைய மலையில் சில வாரங்கள் கொழுந்து கொய்வதை நிறுத்தி, செடியை ஓயவிட்டு, வேரில் உணவு சேர்ந்தபின் வெட்டுவர். அல்லது செடியின் ஓரத்தில் இலையுள்ள இரண்டு மூன்று கிளைகளை வெட்டாமல் விட்டுவைப்பர். புதுத் துளிர் தலையெடுக்கும்வரை அந்தக் கிளைகள் மரத்துக்கு மூச்சாக நிற்கும். துரைமார் தம் மொழியில் அவற்றை நுரையீரல் என்றே அழைத்தனர்.

ஊவா மாகாணத்தில் இந்தப் பாடம் இன்னும் நுட்பமானது. பதுளை நகரம் ஏறக்குறைய 2,200 அடி உயரத்தில் கிடக்கிறது. அப்புத்தளை 4,700 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லா உயரங்களிலும் தோட்டங்கள் உண்டு. சில தோட்டங்களில் அடிவாரத்து மலைக்கும் உச்சி மலைக்கும் இடையே ஆயிரம் அடிக்கு மேலும் வேறுபாடு இருக்கும். உச்சியில் மொட்டையாக வெட்டினால் தாங்கும் செடி, அடிவாரத்தில் அதே வெட்டினால் சாகக்கூடும். ஒரே தோட்டத்துக்குள் ஒரே கத்தி, இடத்துக்கு இடம் முறை மாறவேண்டியிருக்கிறது.

காற்றும் மழையும் இதற்கு மேலும் ஒரு சட்டத்தை விதிக்கின்றன. ஹற்றன், தலவாக்கலைப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில், ஊவாவில் மழை மலைக்கு அப்பால் நின்றுவிடும். மழையை இறக்கிவிட்ட உலர்ந்த காற்று மட்டும் கணவாய்களின் வழியே இறங்கி வீசும். கச்சான் என்று மக்கள் கூறும் அந்தக் காற்றில் செடி வளர்ச்சி குன்றிக் கொழுந்தில் மணம் திரளும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித் தந்த மணம் ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் வீசும் இந்தக் காற்றின் கொடையே. மழை வருவது வடகீழ்ப் பருவத்தில், ஐப்பசிக்குப் பின்னர். ஆகவே மேற்குச் சரிவின் கவ்வாத்து நாட்காட்டியை ஊவாவுக்குக் கொண்டுவந்தால் இரண்டு இழப்பு நேரும். மண் ஈரம் வற்றிய காலத்தில் வெட்டிய செடியின் திறந்த கிளைகளை வெயில் சுடும். மணமுள்ள கொழுந்துக்குரிய பருவமும் கைவிட்டுப் போகும். ஊவாவில் கத்தி எடுப்பவன் வானத்தையும் மண்ணையும் பார்த்தே நாள் குறிக்கவேண்டும்.

இனி, கத்தியின் வேலையைச் சிறிது நோக்கலாம். கவ்வாத்துக் கத்தி வளைந்த அலகுடையது. ஒரே வீச்சில் கிளையை அறுக்கும் கூர் அதற்கு இருக்கவேண்டும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும். பிளந்த இடத்தில் நீர் தங்கி, பூஞ்சணம் ஏறி, மரம் உள்ளே உளுத்துப்போகும். வெட்டுமுகம் செடியின் நடுப்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். சென்ற முறை வெட்டிய இடத்துக்குச் சற்று மேலே புதிய வெட்டு அமையவேண்டும். உலர்ந்த கிளை, ஒன்றையொன்று உரசும் கிளை, முடிச்சு விழுந்த கிளை ஆகியவற்றை நீக்கவேண்டும். பாசி படிந்திருந்தால் துடைக்கவேண்டும். எல்லாக் கிளைகளும் சரிவுக்கேற்ற மட்டத்தில் நிற்கவேண்டும். இவ்வளவையும் கருதி ஒரு செடியை முடித்து, அடுத்த செடிக்கு நகரவேண்டும். நாளொன்றுக்கு இத்தனை செடி என்று கணக்கு உண்டு. கணக்கு முடிந்தால்தான் அன்றைய பேர் விழும். செங்குத்தான சரிவில் குனிந்து நின்று, ஒரு கையால் கிளையைப் பிடித்து மறு கையால் வீசும் இந்த வேலையில் முழங்காலுக்கும் விரலுக்கும் ஆபத்து எப்போதும் அருகில் இருக்கிறது.

கணக்குக்கும் கவனத்துக்கும் இடையேயுள்ள இந்த இழுபறியிலேயே தேயிலையின் ஆயுள் தங்கியிருக்கிறது. அவசரமாக வெட்டிய செடி அன்று மாலை கங்காணியின் கண்ணுக்கு மற்றச் செடியைப் போலவே தோன்றும். அதன் குறை மூன்று மாதம் கழித்துத் துளிரிலும், பத்து ஆண்டு கழித்து அடிமரத்திலும் வெளிப்படும். செடியின் மூட்டைத் துளைத்து வாழும் சிறு வண்டும், உயிருள்ள மரத்தையே தின்னும் கறையானும் நலிந்த சட்டத்தில் எளிதில் இடம் பிடிக்கின்றன. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய், கவ்வாத்துக்குப் பின் எழும் இளந்துளிரையே முதலில் தாக்கியது. ஈரமும் மூடுபனியும் மிகுந்த நாட்களில் துளிர் எழாதவாறு வெட்டும் காலத்தை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. ஒரு நோய் வந்தபோது, எண்பது ஆண்டுப் பழக்கம் இருந்தும், கத்தி மீண்டும் பாடம் படிக்க நேர்ந்தது.

வெட்டி வீழ்த்திய கிளைகளுக்கும் ஒரு கதை உண்டு. மிலாறு என்று தோட்டத்தார் கூறும் அந்தச் சுள்ளிகளை அந்தந்தச் செடியின் அடியிலேயே பரப்பிவிட்டால் மண் கரையாது; ஈரம் காயாது; உக்கி உரமாகும். மொட்டைக் கிளைகளின் மேல் சிறிது போட்டுவைத்தால் வெயிலுக்கு நிழலாகவும் உதவும். ஆனால் லயத்து அடுப்புக்கும் விறகு வேண்டும். குளிர் மலையில் மழையில் நனைந்து திரும்பும் குடும்பத்துக்கு மிலாற்றுக் கட்டு ஒன்றே வெந்நீரும் சோறும் ஆகும். மண்ணின் தேவையும் அடுப்பின் தேவையும் ஒரே கட்டு மிலாற்றில் மோதிக்கொள்கின்றன. வேறு விறகுக்கு வழி செய்யாமல், மிலாற்றை எடுக்காதே என்று மட்டும் சொல்லும் தோட்டத்தில் மண்ணும் காக்கப்படுவதில்லை, மனிதரும் காக்கப்படுவதில்லை.

தேயிலையோடு வேறு அந்நிய மரங்களும் வந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவேலியா ஊவாவில் காற்றுத் தடையாக நடப்பட்டது. முருக்கு இனம் நிழலுக்கும் தழைக்கும் வளர்க்கப்பட்டது. இவற்றையும் வெட்டவேண்டும், ஆனால் ஒவ்வொன்றின் முறையும் வேறு. முருக்கு ஆண்டுக்கு இரண்டொரு முறை தழை கழித்தாலும் மீண்டும் துளிர்க்கும். கிரவேலியாவை உயரத்தில் தலை வெட்டி அடக்குவர். முருக்குக்கு ஆனது தேயிலைக்கு ஆகாது. தேயிலைக்கு ஆனது கோப்பிக்கு ஆகவில்லை. ஒரு மரத்தை வெட்டிப் பழகிய கை, அடுத்த மரத்தின் முன் சிறிது தயங்கி நிற்பதே அறிவு.

இந்த அறிவு நூல்களில் இருந்ததைக் காட்டிலும் மிகுதியாக மனிதரின் கையில் இருந்தது. கத்தியைத் தீட்டும் கோணமும், கிளையின் பட்டையைத் தடவி அதன் உயிர்ப்பை அறியும் பழக்கமும் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்றன. அவ்வாறு மரத்துக்கு ஆயுள் தேடித் தந்தவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் கேள்விக்குறியாக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் மக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்படலாயினர். அவர்களோடு கவ்வாத்துக் கையும் கப்பலேறியது. தாயகம் திரும்பியவர்களுக்கென்றே தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊவாவிலும் பிற மலைகளிலும் பழகிய கைகள் அங்கே மீண்டும் கத்தி பிடித்தன. மலை வேறு, மழை வேறு. மறுபடியும் அவர்கள் தெரியாத நிலத்தின் பருவத்தைக் கற்றனர்.

இன்று ஊவாத் தோட்டங்களில் நிலைமை வேறு. இளைஞர் பலர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். மூத்த கவ்வாத்துக்காரர் ஓய்வு பெறுகின்றனர். கத்திக்குப் பதிலாக எந்திர வாள் சுழலும் மலைகளும் உண்டு. எந்திரம் விரைவாக வெட்டும். ஆனால் வேரில் மாச்சத்து இருக்கிறதா என்பதை அது கேளாது. எந்தக் கிளையை மூச்சுக்கு விடுவது என்பதையும் அறியாது. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையை அகற்றி, துண்டுகளிலிருந்து வளர்த்த புதிய இனங்களை நட்ட மலைகளும் பெருகிவிட்டன. விதைத் தேயிலை ஆழ வேரோடுவது. புதிய இனங்கள் பலவற்றின் வேர் அவ்வளவு ஆழம் செல்வதில்லை. வறட்சியில் அவை விரைவில் வாடும். இளங்கன்றின் நடுத்தண்டை ஆறு முதல் எட்டு அங்குல உயரத்தில் முதன்முறை வெட்டும்போதே, அது பிற்காலத்தில் விரிந்த செடியாகுமா, குறுகிய செடியாகுமா என்பது முடிவாகிவிடுகிறது. ஆகவே புதிய மலையில் கத்தி பிடிக்கும் இளைஞனும், ஒருவகையில், தெரியாத மரத்தின் முன்னேயே நிற்கிறான். அவனுக்குக் கற்பிக்க மூத்தவர் ஒருவர் அருகில் இருக்கிறாரா என்பதே இன்றுள்ள கேள்வி.

கவ்வாத்தைக் கூலிக் கணக்கில் மட்டும் எழுதிவைக்கும் தோட்டம், அதனை எவரும் செய்யக்கூடிய வேலையாக எண்ணிவிடும். நல்ல கவ்வாத்துக்காரனுக்குத் தொழில் தேர்ந்தவனுக்குரிய மதிப்பும் ஊதியமும் அளித்து, இளையவர்களை அவனோடு சில பருவம் நிற்க வைத்து, கணக்கைச் சிறிது தளர்த்திக் கவனத்துக்கு இடம் கொடுக்கும் தோட்டமே தன் மரத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். கிளையை வெட்டுவது ஒரு நொடி வேலை. வெட்டுவதற்கு முன் வேரை நினைப்பதும், மழையை எதிர்பார்ப்பதும், வெட்டாமல் விடவேண்டியதை விடுவதும் ஆண்டுக்கணக்கில் கற்கவேண்டிய வேலை. ஊவாவின் சரிவுகளில் முதிய அடிமரங்கள் இன்றும் துளிர்ப்பதற்கு, அந்த வேலையைக் கற்று, பெயர் தெரியாமலே மறைந்த கைகளே காரணம்.